சாக்குக்கட்டி வட்டம்

வெல்டிங் படித்த அந்த ஒன்றரை வருடத்தை நினைத்தால் என் காதில் கேட்பது கிரைண்டர் சத்தம்தான். வெல்டிங் சத்தம் நல்ல சத்தம், எண்ணெயில் வடை வேகிற மாதிரி இருக்கும். கிரைண்டர் சத்தம் பல்லைக் கூசவைக்கும். எங்கள் பட்டறையில் மற்றவர்கள் நாளைக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ கிரைண்டரைக் கையில் எடுப்பார்கள். என் பக்கத்தில் நின்றவள் காலை எட்டரைக்கே எடுத்துவிடுவாள். அவள் ஒட்டவைத்ததை அவளே தேய்த்துத் தள்ளுகிற சத்தம் அது.

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், இந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து எழுது என்பாள். வகுப்பில் எல்லோருக்கும் அவள் அக்கா. மலாய்ப் பையன்கள் 'காக்' என்பார்கள். அவளுக்கு இருபத்தெட்டு வயது, எனக்குப் பத்தொன்பது. இருபத்திரண்டு பேர் படித்த அந்தத் தொழிற்பயிற்சி வகுப்பில் பெண்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அதனாலேயே எங்களை ஒரே தடுப்பறையில், ஒரே மேசையில் போட்டார்கள். அவள் எண் பதினேழு, என் எண் பதினெட்டு.

இரண்டே பேரில் ஒருத்தியாக இருப்பதில் ஒரு வம்பு உண்டு. இருபது பையன்களில் ஒருவன் மெதுவாக வேலை செய்தால் அவன் மட்டும்தான் மெதுவானவன். எங்களில் ஒருத்தி மெதுவாகச் செய்தால் பெண்களே மெதுவானவர்கள். வேலை முடித்தவர்களின் எண்ணைப் பட்டறைச் சுவரில் இருந்த பலகையில் எழுதுவார்கள். பதினெட்டு எப்போதும் மேலே இருக்கும். பதினேழு கடைசியில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அந்தப் பக்கம் போகிறவர்கள் பலகையைப் பார்த்துவிட்டுப் பெண்கள் இன்னும் முடிக்கவில்லையா என்பார்கள். பதினொரு மணிக்கே முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் எனக்கு அதைக் கேட்டால் எரிச்சலாக வரும்.

அவளுக்கு வேலை வராமல் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். இரண்டு இரும்புத் துண்டுகளைச் செங்குத்தாக நிறுத்தி, நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு, கீழிருந்து மேலாக உருக்கி ஒட்ட வேண்டும். அடியில் ஒரு வரிசை, அதன்மேல் நிரப்பு, கடைசியில் மேல்வரிசை. ஒட்டி முடித்ததை நாங்கள் பிளேட் என்போம். அக்கா போட்ட மேல்வரிசை மீன் செதில் மாதிரி ஒரே சீராக இருக்கும். வகுப்பில் ஒருவரும் அப்படிப் போடவில்லை. நான் இன்றுவரை அப்படிப் போட்டதில்லை.

போட்டு முடித்ததும் கசடைத் தட்டி, கம்பித் தூரிகையால் தேய்ப்பாள். முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிவாள். மூக்கு இரும்பில் பட்டுவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கும். பிறகு சட்டைப் பையிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்து, ஏதோ ஓர் இடத்தில் சின்னதாக ஒரு வட்டம் போடுவாள்.

"ரிஜெக் லா," என்பாள், தேறாது என்று அர்த்தம். சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொல்வாள். பிளேட் மேசைக்கு அடியில் போய்விடும். இல்லையென்றால் கிரைண்டர் வரும்.

ஆரம்பத்தில் நானும் குனிந்து பார்ப்பேன். வட்டத்துக்குள் ஒன்றும் இருக்காது. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அங்க என்னக்கா இருக்கு? எனக்கு ஒண்ணுமே தெரியலயே."

"கண்ணுக்குத் தெரியாது. உள்ள இருக்கு. அந்த எடத்துல என் கை ஒரு நொடி நின்னுச்சு."

"நின்னா என்னக்கா?"

"நின்னுச்சுல்ல."

இதற்கு மேல் அவளிடம் என்ன பேசுவது?

எங்கள் மலாய் வாத்தியாரைச் சிக்கு என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவருக்கே ஒருநாள் பொறுமை போய்விட்டது. மேசைக்கடியில் கிடந்த பிளேட்களில் ஒன்றை எடுத்து, அவள் வட்டம் போட்ட இடத்திலேயே எங்கள் எல்லோர் முன்னாலும் அறுத்தார். உள்ளே சுத்தமாக இருந்தது. ஊசி முனையளவு ஓட்டைகூட இல்லை. சிக்கு சிரித்துக்கொண்டே, பார்த்தாயா, உன் கண்ணுக்கு ஏதோ கோளாறு என்றார். பையன்கள் கைதட்டினார்கள். அக்கா அறுத்த துண்டைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, ரம்பம் அரை செண்டிமீட்டர் தள்ளி இறங்கிவிட்டது என்றாள். எனக்குத் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது.

தன் வேலையில்தான் இந்த அழிச்சாட்டியம். அடுத்தவர் வேலையைப் பற்றிக் கேட்காமல் வாய் திறக்க மாட்டாள். கேட்டால் சொல்வாள். அதைத் தெரிந்துகொண்ட பையன்கள் தேநீர் நேரத்தில் ஆளுக்கொரு பிளேட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் தடுப்புக்கு வந்துவிடுவார்கள். இவள் கட்டைவிரலை வைத்துத் தடவிப் பார்த்து, இங்கே சூடு பத்தவில்லை, இங்கே கையை அவசரமாகத் தூக்கியிருக்கிறாய் என்பாள். அவர்கள் போய்த் திருத்திக்கொண்டு வந்து பலகையில் எண்ணை ஏற்றிவிடுவார்கள். ஊருக்கெல்லாம் சோறு போட்டுவிட்டுத் தான் பட்டினி கிடக்கிற ஆள் என்பார்களே, அந்த ரகம்.

என்னிடம் அவள் கேட்காமல் குறை சொன்னது ஒரே விஷயத்தில். முடித்த பிளேட்டில் நம் எண்ணை அச்சு வைத்துச் சுத்தியலால் அடித்துப் பதிக்க வேண்டும். பிளேட்டைச் சோதனைக்காக நான்கு துண்டாக அறுப்பார்கள். ஒவ்வொரு துண்டும் யாருடையது என்று தெரிவதற்காக நான்கு இடத்தில் அடிக்க வேண்டும். நான் இடது கைக்காரி. என் பதினெட்டில் ஒன்று நேராக விழும், எட்டு எப்போதும் இடது பக்கம் சாய்ந்துவிடும். அக்கா வேறு எதையும் சொல்ல மாட்டாள், இதை மட்டும் விட மாட்டாள். ரெண்டாவது நம்பர் சாயுது பாரு, அச்சை இன்னும் கிட்டப் பிடி என்பாள். எண்ணில் என்ன அழகு வேண்டிக்கிடக்கிறது என்று நான் சண்டைக்குப் போவேன். பேர் போடுற எடத்துலதான் நேரா இருக்கணும் என்பாள்.

எண்ணைப் பற்றி இன்னொரு விதியும் உண்டு. ஒருவர் எண்ணை இன்னொருவர் அடிக்கக் கூடாது. எங்களுக்கு முந்தைய வகுப்பில் ஒரு பையன் நண்பனுக்காக அடித்துக் கொடுத்து மாட்டிக்கொண்டான். அடித்தவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சான்றிதழும் இல்லை, ஒன்றும் இல்லை. முதல் நாள் வகுப்பிலேயே சிக்கு இதை இரண்டு தடவை சொன்னார்.

நான் ஜொகூர் சிம்பாங் ரெங்கத்துப் பெண். அப்பா அன்னாசி லாரி ஓட்டுகிறவர். மாசாயில் மாமா வீட்டில் தங்கித்தான் படித்தேன். அக்கா அடுத்த புளோக்கில் நான்காவது மாடியில் அம்மாவோடு இருந்தாள். தினமும் அவள் மோட்டார் சைக்கிளில்தான் இரண்டு பேரும் பாசீர் கூடாங் சாலையில் போவோம். எட்டு மணி வகுப்புக்கு ஏழரைக்குக் கிளம்பலாம் என்பாள். ஏழரைக்கு நான் கீழே நிற்பேன். அவள் வந்து சங்கிலியைப் பார்ப்பாள், டயரை அமுக்கிப் பார்ப்பாள், பிரேக்கை மூன்று தடவை பிடித்துப் பார்ப்பாள். என் ஹெல்மெட் வாரைத் தானே இழுத்துப் பார்ப்பாள். பாதி வழியில் வீட்டுக் கதவைப் பூட்டினோமா என்ற யோசனை வந்து திரும்பிய நாளும் உண்டு. எட்டேகாலுக்குப் போய் நிற்போம். பெண்கள் லேட் என்று பதிவாகும்.

அவள் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே புலம்பித் தீர்த்தார். பள்ளி முடித்ததும் அக்கா ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தாளாம். எட்டு வருடம் ஒரே நாற்காலி. உருப்பெருக்கிக்குக் கீழே பச்சைப் பலகைகள் வரிசையாக வரும். அதில் குறையைக் கண்டுபிடித்துத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். நல்லதைப் பார்ப்பது அவள் வேலையே இல்லை. அந்தத் தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனபோது இவள் கண்ணை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டது என்றார்.

"பொண்ணு பாக்க வந்தாங்கம்மா, பத்து பாகாட் டவுன்ல இருந்து. நல்ல எடம். இவ போயி உக்காந்துகிட்டு, எனக்குக் கோவம் வரும், காலைல எழுந்திருக்க மாட்டேன், வலது கண்ணு கொஞ்சம் மங்கல்னு ஒண்ணொண்ணா சொல்றா. அவங்க என்ன செய்வாங்க? தேத்தண்ணிய குடிச்சிட்டுப் போயிட்டாங்க. இவ தன்னையே ரிஜெக் பண்ணிக்கிறா."

அக்கா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கழுவினாள். நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை.

இப்படியே போயிருந்தால் அவள் பாடு, என் பாடு என்று இருந்திருப்பேன். கடைசி மாதத்தில்தான் அவள் பிளேட் என் கழுத்தில் தொங்க ஆரம்பித்தது.

அழுத்தத் தொட்டிகள் செய்கிற ஒரு கம்பெனியிலிருந்து சீன மேலாளர் ஒருவர் வகுப்பைப் பார்க்க வந்தார். எங்கள் தடுப்பின் முன் நின்று இரண்டு பேர் வேலையையும் பார்த்தார். அக்காவின் பிளேட்டைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவே இல்லை. பெண் வெல்டர்களை எடுக்க ஆசைதான், ஆனால் ஒருத்தியை மட்டும் எடுத்தால் 'சூசா லா', சிரமம், உடை மாற்ற அறை, கழிப்பறை எல்லாம் ஒருத்திக்காகச் செய்ய மேலிடம் ஒத்துக்கொள்ளாது என்றார். இரண்டு பேர் என்றால் கேட்டு வாங்கிவிடுவேன் என்றார். இரண்டு பேரும் இந்தத் தேர்விலேயே தேறி, அடுத்த மாதம் முதல் தேதி சான்றிதழோடு வர வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

எனக்கு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அப்பா என்னை இந்தப் படிப்புக்கு அனுப்பியதே ஓர் ஒப்பந்தத்தில்தான். முடித்ததும் வெல்டிங் வேலை கிடைத்தால் போகலாம். கிடைக்காவிட்டால் பத்து பாகாட்டில் சித்தி வேலை செய்கிற தையல் தொழிற்சாலைக்குப் போய்விட வேண்டும். சித்தி அங்கே பேசியும் வைத்துவிட்டார். நெருப்பு பறக்கிற வேலையைக் கற்றுக்கொண்டு, சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது. ஆகவே என் வாழ்க்கை, எதையும் முடிக்காத ஒருத்தி முடிப்பதில் வந்து நின்றது.

அவளிடம் கெஞ்சினேன். அக்கா, உங்களுக்காக வேண்டாம், எனக்காக ஒரே ஒரு பிளேட்டைக் கொடுத்துவிடுங்கள் என்றேன். குடுக்கத்தானே போறேன் என்றாள். அந்தக் கம்பெனி வேலை அவளுக்கும் வேண்டும். அம்மாவின் முழங்காலுக்கு நான்கு மாடி ஏறி இறங்க முடியவில்லை, வேலை கிடைத்ததும் தரைவீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

தேர்வு வாரம் வந்தது. ஆளுக்கு நான்கு நாள். எத்தனை பிளேட் வேண்டுமானாலும் போடலாம். அதில் நன்றாக வந்த ஒன்றில் எண் அடித்து, வியாழன் மூன்று மணிக்குள் ஆபீஸ் வாசலில் இருக்கும் தட்டில் வைக்க வேண்டும். வைத்ததைத் திரும்ப எடுக்க முடியாது. அப்போதெல்லாம் ஜொகூரில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, வியாழனோடு வாரம் முடிந்துவிடும். நான் திங்கட்கிழமையே கொடுத்துவிட்டேன்.

அக்கா ஒரு பிளேட் போட்டாள். வட்டம். இரண்டாவது போட்டாள். அதைப் பார்த்துச் சிக்கு, 'சந்தேக்' என்றார், அழகு என்று அர்த்தம். அவர் போனதும் குனிந்து பார்த்து, ஓரத்திலிருந்து எட்டு செண்டிமீட்டர் அளந்து, வட்டம் போட்டாள். வியாழன் பதினொரு மணிக்கு மூன்றாவதை முடித்துவிட்டு, அதை வட்டம்கூடப் போடாமல் நேராகக் கிரைண்டரில் வைத்தாள். இரண்டு மணிக்குப் புது இரும்பு வாங்கி வருகிறேன் என்று ஸ்டோருக்குப் போனாள்.

இரண்டு இருபது ஆனது. இரண்டரை ஆனது. நான் வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருந்தேன். புது இரும்பு வந்தாலும் அதைச் சீவி, நிறுத்தி, மூன்று வரிசை போட அரைமணி நேரம் எந்த மூலைக்குப் போதும்? கால் மேசைக்கடியில் இருந்த இரண்டாவது பிளேட்டில் பட்டது. எடுத்துப் பார்த்தேன். அத்தனை அழகாக இருந்தது. என் பிளேட்டை அதன் பக்கத்தில் வைத்தால் குப்பையில் போடலாம். அதன் நடுவில் கோழிக் கண் மாதிரி அந்த வட்டம். சிக்கு அறுத்துக் காட்டிய அந்த நாள் ஞாபகம் வந்தது. ஒன்றுமில்லாத இடத்தில் வட்டம் போடுகிற பைத்தியம் இவள் என்று தோன்றியது.

அந்த வட்டத்தை என் சட்டைக் கையால் துடைத்தேன்.

அச்சுப் பெட்டியைத் திறந்து பதினேழு அடித்தேன். நான்கு இடத்தில். எட்டு மட்டும்தான் எனக்குச் சாயும் என்று நினைத்துக்கொண்டேனோ என்னவோ, வேகவேகமாக அடித்தேன். ஆபீஸ் வாசலுக்குக் கொண்டுபோய்த் தட்டில் வைத்தேன். யாரும் பார்க்கவில்லை. அவளுக்காகவும் செய்தேன், எனக்காகவும் செய்தேன். எது எவ்வளவு என்று இன்றுவரை நான் பிரித்துப் பார்க்கவில்லை, பார்க்கப் பிடிக்கவுமில்லை.

மூன்று அடித்துப் பத்து நிமிடத்தில் அக்கா வந்தாள். கையில் புது இரும்பு. அவளை அத்தனை சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவளைச் சொல்ல விடாமல் நான் முந்திக்கொண்டேன்.

"சிக்கு வந்தாருக்கா. நேரம் முடிஞ்சிச்சின்னு மேசையில இருந்ததை எடுத்துட்டுப் போயிட்டாரு."

"எத?"

"ரெண்டாவது."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள். அச்சுப் பெட்டி திறந்தபடி, இடது பக்கம், என் பக்கத்தில் கிடந்தது. அவள் அதை மூடினாள். அதுல எட்டு செண்டியில இருக்கே என்று மட்டும் முனகினாள். புது இரும்பை மேசைக்கடியில் வைத்துவிட்டுக் கைகழுவப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெண்ட் டெஸ்ட். ஒவ்வொருவர் பிளேட்டையும் நான்கு துண்டாக அறுத்து, இயந்திரத்தில் வைத்து லாடம் மாதிரி வளைப்பார்கள். வளைந்த இடத்தில் விரிசல் விடாமல் இருந்தால் தேர்ச்சி. என்னுடைய நான்கும் எப்படியோ வளைந்து தப்பித்தன. பதினேழின் முதல் துண்டு நன்றாக வளைந்தது. இரண்டாவது துண்டு பாதி வளைவில் சத்தம் போட்டது. காய்ந்த விறகு முறிகிற சத்தம்.

சிக்கு அதை எடுத்து மேசையில் வைத்தார். விரிந்த இடத்தில், அடிவரிசைக்கு மேலே, அரிசி நீளத்துக்குக் கறுப்பாகக் கசடு. அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். பையிலிருந்து அளவுகோலை எடுத்தாள். உடைந்த துண்டையும் முதல் துண்டையும் சேர்த்து வைத்து ஓரத்திலிருந்து அளந்தாள். எட்டு. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நேரத்தில் எனக்கு அவளை அறையலாம் போல் இருந்தது. இங்கே என் வேலையும் உன் வேலையும் சேர்ந்து உடைந்து கிடக்கிறது, நீ அளந்து பார்த்துச் சந்தோஷப்படுகிறாய்.

சிக்கு நம்பவில்லை. துண்டைத் திருப்பி எண்ணைப் பார்த்தார். அவளிடம் மலாயில் கேட்டார். ஞாயிறு காலை பத்து மணிக்குள் கொடுத்தால் போதும் என்று வியாழக்கிழமை உனக்கு மட்டும் அனுமதி கொடுத்தேனே, ஸ்டோரில் இரும்பு கிடைக்க நேரமானதால்தானே கொடுத்தேன், பிறகு ஏன் அவசரப்பட்டு அன்றைக்கே தட்டில் வைத்தாய் என்றார்.

வியாழக்கிழமை அவள் சொல்ல வாயெடுத்தது அதுதான்.

சிக்கு விடவில்லை. பட்டறை முழுவதும் கேட்கிறாற்போல் மெதுவாக, "இனி பெத்துல் அவாக் புஞா?" என்றார். இது உண்மையிலேயே உன்னுடையதா என்று கேட்டார்.

அக்கா துண்டை வாங்கினாள். எண் இருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தாள். பிளேட் பார்க்கும்போது தடவுகிற மாதிரியே ஒரு தடவை தடவினாள். அவள் பொய் சொல்லத் தெரியாதவள், பெண் பார்க்க வந்தவர்களிடம்கூடச் சொல்லாதவள். நான் அந்த நிமிடத்தில் மனசுக்குள் என் பெட்டியைக் கட்டிவிட்டேன். பத்து பாகாட் பஸ்ஸில் ஏறியே உட்கார்ந்துவிட்டேன்.

"சாயா புஞா, சிக்கு," என்றாள். என்னுடையதுதான்.

அது பொய்யுமில்லை. ஒட்டியது அவள்தான். சிக்கு பதினேழுக்குத் தோல்வி என்று புத்தகத்தில் எழுதினார். உடைந்த துண்டை அவளிடமே கொடுத்துவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருத்தியை மட்டும் எடுக்கக் கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை. நான் சான்றிதழோடு பத்து பாகாட் போய், இரண்டு வருடம் காலர் தைத்தேன். ஒவ்வொரு காலருக்கும் அவளைத் திட்டினேன், என்னையும் திட்டினேன். அதன்பிறகுதான் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறை ஒன்றில் இடம் கிடைத்து இன்றுவரை பாலம் தாண்டிப் போய் வருகிறேன். ஆறு மாதம் கழித்து மறுதேர்வில் அக்கா தேறினாள் என்று கேள்வி. தரைவீட்டுக்கு மாறினார்களா, தெரியாது. போன் செய்ய எண் இருந்தது. செய்யவில்லை.

சொல்ல வேண்டியது அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம்தான். மோட்டார் நிறுத்துகிற கொட்டகையில் அவள் வழக்கம்போல் குனிந்து டயரை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பின்னால் போய் நின்றேன். என்னை நாலு திட்டுத் திட்டுவாள், அதை வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அவள் நிமிர்ந்தாள். பைக்குள் கையை விட்டு அந்த உடைந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"நீ வச்சிக்க."

"அக்கா..."

"ஏழு சாஞ்சிருக்கு. இடது பக்கம். நாலுலயும்." அவள் குரலில் கோபம் இல்லை. எட்டு சாயும்போது சொல்கிற அதே குரல்தான். "அச்சைக் கிட்டப் பிடின்னு எத்தன தடவ சொன்னேன்."

நான் அழுதேன். மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா என்றுகூட நினைவில்லை. அவள் ஹெல்மெட்டை என் தலையில் மாட்டி, வாரை இழுத்துப் பார்த்தாள். ஒரு தடவை சரியில்லை என்று கழற்றி மறுபடி மாட்டினாள். தன் கைபட்டது எதையும் விட்டுவைக்காதவள். தேய்த்துத் தள்ளிவிடுவாள், இல்லையென்றால் மேசைக்கடியில் போட்டுவிடுவாள். ரிஜெக் என்ற அந்த ஒரு வார்த்தையை என்னைப் பார்த்தும் சொல்லியிருக்கலாம். மாசாய் வரும்வரை அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அதற்குத்தான் காத்திருந்தேன்.

புளோக்குக்குக் கீழே இறக்கிவிட்டாள். வகுப்பு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

"நாளைக்கு ஏழரைக்கு ரெடியா இரு," என்றாள். "லேட் பண்ணாத."